கடையை மூடாதீர்கள், கைமாற்றுங்கள்

(நமது சங்கத்தின் மூத்த அங்கத்தினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற கூட்டத்தில் உயில் எழுதுவது பற்றி வக்கீல் அன்பர் ஒருவர் விரிவாகப் பேசினார். கேள்வி நேரத்தில் மூன்று பேர் எழுந்து ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "வீட்டுக்கு உயில் எழுதலாம், பாங்கு டெபாசிட்டுக்கு நாமினி போடலாம், கடையை என்ன செய்வது?" அதற்கு விடையாக இன்று சில விஷயங்களைச் சொல்லும்படி காரியதரிசி பணித்திருக்கிறார்.

அடியேன் வியாபாரி இல்லை. ரசாயனத்தில் பி.எஸ்ஸி. படித்து, மத்திய கலால் துறையில் 34 ஆண்டுகள் பணிபுரிந்தவன். பிறருடைய கணக்குப் புத்தகங்களைப் பார்ப்பதே என் ஜீவனம். ஓய்வு பெற்ற பிறகு, நண்பர்கள் சிலர் கடையைக் கைமாற்றியபோது கணக்குப் பார்த்துக் கொடுக்கக் கூட இருந்திருக்கிறேன். அந்த அனுபவம்தான் மூலதனம்.

மும்பையில் மாதுங்கா, டெல்லியில் கரோல் பாக், கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் என்று நம்மவர்கள் குடியேறிய இடங்களிலெல்லாம் சிறு கடைகள் முளைத்தன. காப்பிப்பொடி, அப்பளம் வடாம், பித்தளைப் பாத்திரம், பூஜைச் சாமான், வேஷ்டி, தமிழ்ப் புத்தகம் என ஒவ்வொரு கடைக்கும் ஒரே சரக்கு. சூப்பர் மார்க்கெட்டில் காப்பிக்கு ஓர் அலமாரி இருக்கும். நம் கடையில் காப்பியைத் தவிர வேறொன்றும் இருக்காது; ஆனால் காப்பியைப் பற்றித் தெரியாதது ஒன்றும் இருக்காது.

அக்கடைகளை நடத்தியவர்களுக்கு இன்று எழுபது வயது கடந்துவிட்டது. பிள்ளைகள் படித்து வேறு ஊருக்கும் வேறு தேசத்துக்கும் போய்விட்டார்கள். பெரும்பாலும் என்ன நடக்கிறது? ஒரு நாள் உடம்புக்கு முடியாமல் போகிறது. ஷட்டர் பாதி இறங்குகிறது. மூன்று மாதம் கழித்து முழுவதும் இறங்குகிறது. சரக்கு வந்த விலைக்குப் போகிறது, இயந்திரம் இரும்பு விலைக்குப் போகிறது. ஐம்பது அறுபது வருஷம் கட்டிய ஒன்று காற்றில் கரைகிறது. இதைத் தவிர்க்க முடியும் என்பதுதான் இன்றைய பேச்சு.

விற்பது எதை?

கடையை விற்கிறேன் என்று சொல்லும்போது நான்கு பொருள்களைச் சேர்த்துச் சொல்கிறோம். முதலாவது இடம், அல்லது இடத்தின் வாடகை உரிமை. இரண்டாவது இயந்திரமும் தட்டுமுட்டும். மூன்றாவது கையிருப்புச் சரக்கு. நான்காவது, கண்ணுக்குத் தெரியாத நற்பெயர். இதைத்தான் குட்வில் என்கிறார்கள்.

இந்த நான்காவதைப் பற்றி நீதிமன்றங்கள் நிறையச் சிந்தித்திருக்கின்றன. 1934ல் ஓர் இங்கிலாந்து வழக்கில் நீதிபதிகள் வாடிக்கையாளர்களைப் பிராணிகளோடு ஒப்பிட்டார்கள். பூனை வீட்டை விடாது. ஆள் மாறினாலும் அதே கடைக்கு வரும். நாய் எஜமானைத் தொடரும். கடைக்காரர் எங்கே போனாலும் அங்கே போகும். எலி இரண்டையும் சட்டை செய்யாமல் எங்கோ போய்விடும். முயல் பக்கத்தில் குடியிருப்பதால் வருகிறது. வாடிக்கையாளர்களை இப்படிச் சொன்னதற்காக நீங்கள் கோபிக்கக் கூடாது! விஷயம் ஆழமானது. உங்கள் வாடிக்கைக்காரர்களில் பூனை எத்தனை, நாய் எத்தனை என்று தெரிந்தால்தான் கடையின் விலை தெரியும். உங்கள் முகத்துக்காக மட்டுமே வருகிறவர்களை விற்க முடியாது. அவர்களைக் கடைக்காக வருகிறவர்களாக மாற்ற அவகாசம் வேண்டும்.

நம் நாட்டில் இது பற்றிய பிரசித்தமான தீர்ப்பு, 1981ல் உச்ச நீதிமன்றம் அளித்த பி.சி. சீனிவாச செட்டி வழக்கு. அதுவும் ஒரு தனிச்சரக்கு வியாபாரம்தான், ஊதுபத்தி! தானாக வளர்ந்த நற்பெயருக்கு வாங்கிய விலை என்று ஒன்று இல்லை. ஆகவே அதன் மீது மூலதன ஆதாய வரியைக் கணக்கிட வழியில்லை என்றது நீதிமன்றம். பிறகு 1987 நிதிச் சட்டத்தின் மூலம், வாங்கிய விலை பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுமாறு பாராளுமன்றம் திருத்தியது. ஆக, நற்பெயருக்குக் கிடைக்கும் பணம் முழுவதும் ஆதாயம். சர்க்காரே வரி போடத் தேடி வந்த ஒரு சொத்தை நாம் ஷட்டரை இறக்கித் தூக்கி எறிகிறோம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

உண்மையான லாபம்

ஒரு நிஜக் கடையைச் சொல்கிறேன். மும்பையில் காப்பிப்பொடிக் கடை. நண்பரின் தகப்பனார் ஆரம்பித்தது. இடம் சொந்தம். நண்பருக்கு 74 வயது. ஒரு பிள்ளை, ஒரு பெண். இருவரும் வெளியூரில் உத்தியோகம். அவர் அனுமதியோடு, எண்களை மட்டும் சற்று மாற்றிச் சொல்கிறேன்.

கணக்குப்படி ஆண்டு லாபம் 13 லட்சத்து 20 ஆயிரம். "மூன்று வருஷ லாபத்தை விலையாகக் கேட்டால் 40 லட்சம் வருமே" என்றார் நண்பர். நான் பென்சிலை எடுத்தேன்.

இடம் சொந்தம் என்பதால் வாடகை எழுதவில்லை. வாங்குகிறவர் வாடகை கொடுக்க வேண்டும். மாதம் 40,000 என்றால் வருஷத்துக்கு 4 லட்சத்து 80 ஆயிரம். அதைக் கழிக்க வேண்டும். காலை ஆறு மணி முதல் நண்பரே நிற்கிறார். அந்த வேலைக்கு ஓர் ஆளை வைத்தால் மாதம் 30,000, வருஷத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். அதையும் கழிக்க வேண்டும். மிச்சம் 4 லட்சத்து 80 ஆயிரம். இயந்திரம் 3 லட்சம், சரக்கு 5 லட்சம், ஆக 8 லட்சம் முதல் போட்டிருக்கிறது. அதற்குப் பத்து சதவீதம் நியாயமான வருவாய் என்று 80,000 கழித்தால் 4 லட்சம். இதுதான் நற்பெயர் சம்பாதிக்கும் லாபம். சூப்பர் பிராஃபிட் என்று கணக்கியலில் சொல்வது இதையே. இரண்டு முதல் மூன்று வருஷ மதிப்பு என்று வைத்தால் 8 முதல் 12 லட்சம்.

நண்பரின் முகம் வாடியது. ஆனால் பல கடைகளில் இந்தக் கழித்தலுக்குப் பிறகு ஒன்றும் மிஞ்சுவதில்லை. சொந்த இடத்தில் வாடகை இல்லாமல், சம்பளம் இல்லாமல் உழைத்ததைத்தான் லாபம் என்று எண்ணிக்கொண்டிருந்திருப்பார்கள். அவருக்கு மிஞ்சியது 4 லட்சம். அது பெரிய விஷயம்.

கணக்குப் புத்தகமே சாட்சி

"புத்தகத்தில் இருப்பது இவ்வளவு, உண்மையில் வியாபாரம் இன்னும் அதிகம்" என்று வாங்க வருகிறவரிடம் சொல்பவர்கள் உண்டு. அது தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்வது. புத்தகத்தில் இல்லாத வியாபாரத்துக்கு எவரும் விலை கொடுக்க மாட்டார், கொடுக்கவும் கூடாது. மறைத்த ஒவ்வொரு ரூபாயும் விற்கும் நாளில் இரண்டு மூன்று ரூபாயாகக் குறையும்.

மாறாக, நேர்மையான கணக்கை நிரூபிக்க நல்ல வழிகள் இருக்கின்றன. கலால் துறையில் நாங்கள் கையாண்ட வழி, உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று பார்ப்பது. பச்சைக் காப்பிக்கொட்டையை வறுக்கும்போது ஈரமும் கரியமிலவாயு முதலானவையும் வெளியேறுகின்றன. வறுப்பின் அளவைப் பொறுத்து 15 முதல் 20 சதவீதம் எடை குறையும். நண்பர் ஆண்டுக்கு 12,000 கிலோ கொட்டையும் 2,000 கிலோ சிக்கரியும் வாங்கியிருக்கிறார். ஆகவே 11,600 முதல் 12,200 கிலோ பொடி வந்திருக்க வேண்டும். விற்பனைப் புத்தகம் அந்த எல்லைக்குள் இருந்தது. மின்சார பில்லும் அதற்கு ஒத்துப்போனது. வாங்க வந்தவரின் ஆடிட்டர் இதைப் பார்த்த பிறகு வேறு கேள்வி கேட்கவில்லை. அப்பளக் கடையானால் உளுத்தமாவை வைத்து இதே கணக்கைப் போடலாம்.

எப்போது விற்பது?

ரசாயன மாணவன் என்பதால் ஓர் உவமை. கதிரியக்கப் பொருளுக்கு அரை ஆயுள் உண்டு. குறிப்பிட்ட காலத்தில் பாதி கரைந்துவிடும். பூட்டிய கடையின் நற்பெயரும் அப்படித்தான். வாடிக்கைக்காரர் இரண்டு தடவை வந்து பூட்டைப் பார்ப்பார். மூன்றாவது தடவை வேறிடத்தில் வாங்கிவிடுவார். பிறகு அந்தப் பொடியே அவர் நாக்குக்குப் பழகிவிடும். ஆகவே உடம்பில் தெம்பு இருக்கும்போதே, கடை ஓடிக்கொண்டிருக்கும்போதே விற்க வேண்டும். இரண்டு வருஷம் முன்னதாகத் திட்டமிடுவது உத்தமம்.

அந்த இரண்டு வருஷத்தில் செய்ய வேண்டிய முக்கியமான காரியம், தலையில் இருப்பதைத் தாளில் இறக்குவது. பீபெரி எவ்வளவு, பிளாண்டேஷன் ஏ எவ்வளவு, ரோபஸ்டா செர்ரி எவ்வளவு, எந்தச் சூட்டில் எத்தனை நிமிஷம், கொட்டை வெடிக்கும் ஓசை கேட்ட பிறகு எப்போது இறக்குவது? இதெல்லாம் நண்பரின் கைப்பழக்கத்தில் இருந்தது. ஒரு வெப்பமானியும் ஒரு நோட்டும் வாங்கிக் கொடுத்தேன். மூன்று மாதம் ஒவ்வொரு வறுப்பையும் குறித்தார். வாடிக்கைக்காரர்களின் கலவையையும் எழுதினார். இன்னாருக்கு 80க்கு 20 சிக்கரி, இன்னாருக்குச் சிக்கரியே கூடாது, இன்னார் வீட்டில் விசேஷம் என்றால் பீபெரி கூட்ட வேண்டும் என்று சுமார் 300 குடும்பங்கள். அந்த நோட்டுப் புத்தகம் இயந்திரத்தைக் காட்டிலும் மதிப்புள்ளது.

யாருக்கு விற்பது?

நண்பரிடம் இரண்டு யோசனைகள் வந்தன. மொபைல் போன் விற்பவர் ஒருவர் இடத்தை மட்டும் வாடகைக்குக் கேட்டார். மாதம் 55,000. காப்பி வியாபாரம் அவருக்கு வேண்டாம்.

மற்றொருவர் கடையிலேயே 26 ஆண்டுகள் வேலை பார்த்தவர். கொங்கணத்துக்காரர், மராத்திதான் தாய்மொழி. ஆனால் மாமிகளோடு பேசிப் பேசி நல்ல தமிழ் பேசுவார். "மாமா, கடையை மூடாதீங்கோ, நான் நடத்தறேன்" என்றார். வாடகை மாதம் 40,000 தர முடியும், வியாபாரத்துக்கு 17 லட்சம் தர முடியும், ஆனால் ஒரே தவணையில் முடியாது என்றார்.

வீட்டில் விவாதம் நடந்தது. பிள்ளை போனில், "அப்பா, 55,000 வாடகை, தலைவலி இல்லை, ஏன் யோசிக்கிறீர்கள்?" என்றான். பெண்ணுக்கு வேறு கவலை. கடைக்குத் தாத்தாவின் பெயர். அது வேறொருவர் கைக்குப் போவதா? நண்பருக்கு இரவில் தூக்கம் வரவில்லை. தகப்பனார் பெயரை விற்றுச் சாப்பிடுவதாக ஊர் சொல்லுமோ என்ற பயம் ஒருபுறம். கூடவே இருந்தவனைத் தெருவில் விடுவதா என்ற உறுத்தல் மறுபுறம்.

நான் கணக்கை மட்டும் போட்டேன். வாடகையில் வித்தியாசம் மாதம் 15,000, வருஷத்துக்கு 1 லட்சத்து 80 ஆயிரம். வியாபாரத்தை மூடினால் சரக்குக்கும் இயந்திரத்துக்கும் 4 லட்சம் கிடைக்கலாம். கைமாற்றினால் 17 லட்சம். வித்தியாசம் 13 லட்சம். அந்தக் கூடுதல் வாடகை இதை ஈடுகட்ட ஏழு வருஷத்துக்கு மேல் ஆகும். தர்மம் ஒருபுறம் இருக்கட்டும், கணக்கே தொழிலாளியின் பக்கம் இருந்தது. மாமிதான் முடிவு சொன்னார்: "மாமனார் பேர் போர்டுல இருந்தா போதாது, பொடியிலயும் இருக்கணும். அது அவனுக்குத்தான் தெரியும்."

10 லட்சம் முன்பணம். அதில் 3 லட்சம் அவருடைய சேமிப்பு. 7 லட்சம் ஓர் அரசு வங்கியில் முத்ரா திட்டக் கடன். 2015ல் தொடங்கிய அத்திட்டத்தில் ஈடில்லாமல் கடன் பெறலாம். மீதி 7 லட்சம், மாதம் 25,000 வீதம் 28 தவணை. நண்பர் ஆறு மாதம் காலையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம், "இனிமேல் இவர்தான்" என்று சொன்னார். எஜமானைத் தொடர்கிறவர்கள் கடைக்குப் பழகியது அப்போதுதான். சிலர் போய்விட்டார்கள், அது உண்மை. பெரும்பாலோர் நின்றார்கள். தவணைகள் இதுவரை தவறவில்லை.

பத்திர விஷயங்கள்

ஆடிட்டரையும் வக்கீலையும் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள். அவர்களிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ளவே இந்தக் குறிப்புகள்.

ஒன்று. ஜி.எஸ்.டி. சட்டத்தில், இயங்கிக்கொண்டிருக்கும் தொழிலை முழுமையாகக் கைமாற்றுவதற்கு 2017ஆம் ஆண்டு அறிவிக்கை வரிவிலக்கு அளித்திருக்கிறது. சரக்கைத் தனித்தனியாக விற்றால் வழக்கமான வரி உண்டு. பயன்படுத்தாத வரி வரவை ஐடிசி-02 படிவத்தின் மூலம் வாங்குகிறவருக்கு மாற்றலாம். ஆனால் 85ஆம் பிரிவின்படி, கைமாற்றிய நாள் வரையுள்ள பாக்கிக்கு விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்தே பொறுப்பு. பதிவை ரத்து செய்த பிறகு மூன்று மாதத்துக்குள் இறுதி ரிட்டர்ன் தர வேண்டும்.

இரண்டு. வருமான வரி. தனித்தனி விலை குறிக்காமல் தொழிலை மொத்தமாக ஒரே தொகைக்கு விற்பது ஒருவகை. பொருள்வாரியாக விற்பது இன்னொரு வகை. வரி இரண்டுக்கும் வேறு வேறு. மொத்தமாக விற்கும்போது, தொழில் 36 மாதங்களுக்கு மேல் உங்களிடம் இருந்திருந்தால் அது நீண்டகால ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் அதற்கு வரி 12.5 சதவீதம். பணம் தவணையில் வந்தாலும் ஆதாயம் கைமாற்றிய ஆண்டிலேயே கணக்கிடப்படும். அதற்குத் தக்கபடி முன்பணம் வாங்குங்கள். 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டுப் புதிய சட்டம் என்பதால், பழைய பிரிவு எண்களை நம்பிப் படிவம் நிரப்பாதீர்கள்.

மூன்று. போட்டிக் கடை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, தொழில் செய்யக் கூடாது என்று எவரையும் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஆனால் நற்பெயரை விற்றவருக்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. நியாயமான எல்லைக்குள், வாங்கியவர் அத்தொழிலை அங்கே நடத்தும் வரை, அதே தொழிலைத் தொடங்குவதில்லை என்று அவர் ஒப்புக்கொள்ளலாம். வாங்குகிறவர் இதைக் கேட்டால் கோபிக்காதீர்கள். அது அவர் உரிமை.

நான்கு. பெயர். பதிவு செய்த வணிகச் சின்னத்தையும், பதிவு செய்யாததையும்கூட, எழுத்து மூலம் மாற்றிக் கொடுக்கலாம். குடும்பப் பெயரானால், நாளை பேரன் அதே பெயரில் வேறு தொழில் தொடங்கலாமா என்பதையும் எழுதிவிடுங்கள். நண்பரின் பெண் கேட்டதற்கிணங்க, பெயரைக் காப்பிப்பொடி தவிர வேறு சரக்குக்குப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு ஷரத்து சேர்த்தோம். அவள் மனம் சமாதானமாயிற்று.

ஐந்து. இடம். சொந்த இடமானால் நண்பரைப் போல வியாபாரத்தை மட்டும் விற்று இடத்தை வைத்துக்கொள்ளலாம். மகாராஷ்டிரத்தில் 'லீவ் அண்ட் லைசென்ஸ்' ஒப்பந்தத்தைக் கட்டாயம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். பழைய பக்டி இடமானால் வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் ஓர் அடியும் வைக்காதீர்கள். 1999ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைச் சட்டத்தின் 56ஆம் பிரிவு அத்தகைய தொகையை வாங்குவதைச் சட்டபூர்வமாக்கியிருக்கிறது. ஆகவே அதையும் கணக்கில் காட்டி, செக்கில் வாங்குங்கள். மற்ற மாநிலங்களில் சட்டம் வேறு.

ஆறு. கையெழுத்துகள். கடை கூட்டுக் குடும்பச் சொத்தானால், 2005 செப்டம்பர் 9ல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி பெண்களும் சம பங்காளிகள். அன்று தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020ல் தெளிவுபடுத்திவிட்டது. "பெண் ஒன்றும் சொல்ல மாட்டாள்" என்று விட்டுவிடாமல் கையெழுத்து வாங்குங்கள்.

ஏழு. உணவு உரிமத்தை வாங்குகிறவர் தம் பெயரில் எடுக்க வேண்டும். சிக்கரி கலந்த பொடியில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. விகிதத்தை உறையில் அச்சிட வேண்டும்.

கேள்வியும் பதிலும்

ஓர் அங்கத்தினர் கேட்டார்: "நம்மவர் யாருக்காவது கொடுத்திருக்கலாமே?"

நண்பரும் முதலில் அதைத்தான் விரும்பினார். ஒரு வருஷம் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தார். விலை விசாரித்தவர்கள் நான்கு பேர். காலை ஆறு மணிக்கு வறுக்கும் இயந்திரத்தின் முன்னால் யார் நிற்பார்கள் என்று கேட்டதும், "ஆள் போட்டுக்கொள்வோம்" என்றார்கள். அந்த ஆளே வாங்க முன்வந்தபோது மறுப்பதற்கு நமக்கு என்ன நியாயம் இருக்கிறது? நம் பிள்ளைகள் மேற்படிப்பும் உத்தியோகமும் தேடிப் போனதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். அவர்கள் விட்டுப்போன இடத்தில் நிற்க ஒருவர் வந்தால், அவரையும் பெருமையாகத்தான் சொல்ல வேண்டும்.

இன்னொருவர்: "தவணை கட்டாவிட்டால்?"

அதற்குத்தான் முன்பணம் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். மீதிக்குத் தேதியிட்ட செக்குகளும் பிராமிசரி நோட்டும் வாங்குங்கள். இயந்திரத்தை வங்கிக்கு ஈடு வைத்திருந்தால் அது உங்களுக்கு உதவாது. கடைசித் தவணை கட்டும் வரை பெயர் உரிமை முழுமையாக மாறாது என்று எழுதிக்கொள்ளலாம். ஆளைப் பல வருஷம் பார்த்துப் பழகியிருப்பதே எல்லாவற்றிலும் பெரிய ஜாமீன்.

கடை வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரே விண்ணப்பம். இந்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். முதல் பக்கத்தில் உங்கள் லாபத்திலிருந்து வாடகையையும் உங்கள் சம்பளத்தையும் கழித்து எழுதுங்கள். இரண்டாம் பக்கத்திலிருந்து உங்கள் கைப்பக்குவத்தை எழுதத் தொடங்குங்கள். நாளை விற்றாலும் சரி, பிள்ளையே வந்து எடுத்துக்கொண்டாலும் சரி, அந்த நோட்டு பயன்படும்.